மீண்டும் மீண்டும் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி: ஓர் ஆராய்ச்சி

முன்னே ரிவர்ஸ் ப்ராக்ஸியாக என்ஜின்எக்ஸ், பின்னே டாம்கேட் மேனேஜர். இரண்டுக்கும் 'அட்மின்' என்ற ஒரே யூசர்நேம், பாஸ்வேர்டு மட்டும் வேறுவேறு. பிரவுசர் பெட்டியில் பாஸ்வேர்டைப் பிழையின்றி இட்டு ஓகே அழுத்துகிறோம். பெட்டி மறைகிறது; மறைந்த வேகத்தில் மறுபடியும் வருகிறது. வருவானேன் என்பதே ஆய்வுப் பொருள்.

முன்னோர் கொள்கை மூன்று. கேச்சை அழி என்பார் ஒரு சாரார். சர்வரை ரீஸ்டார்ட் செய் என்பார் இன்னொரு சாரார். எண்ணிக்கையில் இவர்களே மிகுதி. கேப்ஸ் லாக்கைப் பார் என்பார் மூன்றாமவர். முதலிரண்டும் பொருந்தா. மூன்றாவதை, பக்கத்து சீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சோதித்துக்கொள்வது மரபு.

எம் துணிபு வேறு. பார்வைக்கு ஒரே பெட்டி, கேட்பவர் இருவர். 1996இல் வெளியான ஹெச்டிடிபி 1.0 ஆவணம் தொட்டே, பேசிக் ஆத்தென்டிகேஷனில் பாஸ்வேர்டைச் சுமந்து வருவது ஆத்தரைசேஷன் என்னும் ஒற்றை ஹெட்டர்தான். என்ஜின்எக்ஸ் அதைச் சரிபார்த்துவிட்டு அப்படியே டாம்கேட்டிடம் தள்ளிவிடுகிறது. டாம்கேட் அதை ஏற்காமல் 401 என்கிறது. அந்த 401 வந்த வழியே திரும்பிப் போய்ப் பெட்டியாகிறது. அஃதேல் டாம்கேட்டின் பாஸ்வேர்டையே இடுவோம் எனின், இப்போது என்ஜின்எக்ஸ் மறுக்கும்.

மறுத்தவர் எவர் என்று அறியுமாறு என்னை? கர்ல் கட்டளைக்கு என்ஜின்எக்ஸின் பாஸ்வேர்டைக் கொடுத்து, -வி சேர்த்து ஓட்டி, பதிலில் ரெல்ம் என்ற இடத்தைப் படிக்க. 'டாம்கேட் மேனேஜர் அப்ளிகேஷன்' என்றிருந்தால் மறுத்தது டாம்கேட். என்ஜின்எக்ஸின் எரர் லாகில் 'பாஸ்வேர்டு மிஸ்மேட்ச்' என்றிருந்தால் மறுத்தது என்ஜின்எக்ஸ். அதன் அக்சஸ் லாகில் யூசர்நேம் விழுந்திருப்பதையே, என்ஜின்எக்ஸ் ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டி வாதிடுவோர் உளர். கொள்ளற்க, பாஸ்வேர்டு தப்பானாலும் பெயர் அங்கே விழும்.

இங்கே ஓர் இடர். 5 முறை தவறினால் அந்த யூசரை 300 வினாடி பூட்டிவைப்பது டாம்கேட்டின் டீஃபால்ட் வழக்கம். பூட்டியிருக்கையில் 8080 போர்ட்டில் நேரே போய்ச் சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் 401தான். ஆய்வாளர் பாஸ்வேர்டே கெட்டுவிட்டதாக முடிவுகட்டி அதையும் மாற்றுகிறார். இந்த ஐந்து நிமிடத்தில் கண்டறியப்பட்டவை அனைத்தும் தள்ளத்தக்கன.

தீர்வு யாதெனின், லொகேஷன் பிளாக்கில் ப்ராக்ஸி_செட்_ஹெட்டர் கொண்டு ஆத்தரைசேஷனில் டாம்கேட்டுக்குரிய யூசர்நேம் பாஸ்வேர்டை பேஸ்64இல் எழுதிவைப்பது. (பேஸ்64 ரகசியமன்று, அந்த ஃபைலை ஊரார் படிக்கும்படி விடலாகாது.) ஹெட்டரை வெறுமையாக்கி அனுப்பினால் போதாதோ எனின், போதாது; டாம்கேட் மறுபடியும் கேட்கும்.

இவ்வரியைச் சேர்த்ததும் பெட்டி ஒழியும், இன்னொன்று கெடும். லொகேஷனுக்குள் ப்ராக்ஸி_செட்_ஹெட்டர் ஒன்று வந்துவிட்டால், மேலே சர்வர் பிளாக்கில் எழுதிய அவ்வகை வரிகள் எவையும் உள்ளே செல்லா. ஹோஸ்ட் வரியும் அதில் அடக்கம். டாம்கேட்டுக்கு நம் டொமைன் பெயர் போகாது, ப்ராக்ஸி_பாஸில் எழுதிய உள்முகவரியே போகும். எல்லாவற்றையும் லொகேஷனுக்குள் திரும்ப எழுத வேண்டும். மறந்தவருக்கு என்ஜின்எக்ஸ் -டி துணைசெய்யாது. சின்டாக்ஸ் ஓகே என்றே அது சொல்லும்.