கலெக்டர் வந்தார், போனார், வந்தார்

1997இல் நான் டிரங்குப் பெட்டியோடு அரியலூரில் இறங்கியபோது அது பெரம்பலூர் மாவட்டம். 2007 கடைசியில் அதே பெட்டியைக் கட்டியபோது அரியலூர் மாவட்டம். பத்து வருஷமும் ஒரே தெரு, ஒரே அறை. நான் நகரவில்லை, மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது.

மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷம் ஊறப்போட்டு முடித்தேன். அதன்பின் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளைகளுக்குப் பாடம். அதற்கு அரியர் வைத்தவனைவிடத் தகுதியான ஆள் யார்?

அந்தக் காலத்தில் எங்கள் பெரிய குறை, கலெக்டர் பெரம்பலூரில் இருந்தது. ரயில் இல்லாத ஊரில் கலெக்டர். கலெக்டர் இல்லாத ஊரில் ரயில். ஒரு மனுக் கொடுக்க, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் ஊர்ந்து போய் இறங்கினால், தலை நரைத்திருக்கும். பாதி தூசி, பாதி வயசு.

2001 ஜனவரி 1, அரியலூர் தனி மாவட்டமானது. எங்கள் தெருவில் கேசரி கிண்டினோம். பதினைந்தே மாதம். ஆட்சி மாறியிருந்தது. 2002 மார்ச் 31, கடைக்காரர் வருஷக் கணக்கை முடிப்பதுபோல் எங்களை மறுபடி பெரம்பலூர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் ஏப்ரல் ஒன்றாம் தேதி, பொருத்தமாக இருந்திருக்கும். 2007 நவம்பர் 23, மறுபடி தனி மாவட்டம். என்னைப் போலவே இரண்டாவது அட்டெம்ப்டில் பாஸ். (1956இல் ரயில் மருதையாற்றில் விழுந்ததும் அதே நவம்பர் 23தான்; லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை உதறியது அந்த விபத்தால்தான். அந்தத் தேதியை வைத்து ஊர்ப் பெரியவர்கள் கேலி பேச மாட்டார்கள்; நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

இத்தனை கூத்திலும் அசையாதவர் என் அப்பா. பத்து வருஷமும் உறைமேல் ‘திருச்சி ஜில்லா’ என்றே எழுதினார். ஒரு கடிதம்கூடத் தவறவில்லை. 621704 என்ற பின்கோடுக்கு அரசியல் தெரியாது.

சும்மா சொல்லக்கூடாது, வந்து போவது அந்த மண்ணின் பழக்கம். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல். அதுவும் ஒரேயடியாக வந்து தங்கவில்லை. ஏறும், வடியும், மறுபடி ஏறும். 1862இலேயே பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் வெயிலில் அலைந்து இதையெல்லாம் ஆராய்ந்து எழுதிவைத்தார். அன்று செத்த சிப்பியும் நத்தையும்தான் இன்றைய சிமென்ட். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது, 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டுபிடித்தது. அதைப் பார்க்கப் போன அன்று என் அறைத்தோழன், “கடைசி பெஞ்சுல நம்மளையும் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இப்படித்தான்டா ஆகியிருப்போம்” என்றான். வருகைப்பதிவில் எங்களுக்கு வழிகாட்டி சிறுவாச்சூர் மதுரகாளி. அவள் நடை திறப்பது திங்களும் வெள்ளியும்தான். அவளை யாரும் கண்டோனேஷன் கட்டச் சொன்னதில்லை.

வீட்டுக்கார அம்மாவின் துவைக்கிற கல்லில் ஒரு சிப்பி பதிந்திருந்தது. “கோடி வருஷத்துக் கடல் சிப்பிம்மா” என்று நான் விளக்கியபோது, “அதான் காலர் அழுக்குப் போக மாட்டேங்குது” என்றார்.

கிளம்புகிற அன்று வாசல்வரை வந்தார்.

“எப்ப திரும்பி வருவ தம்பி?”

“சென்னையில வேலைம்மா. இனிமே எங்க...”

“அட போ தம்பி. பிடுங்கிட்டுப் போன மாவட்டத்தையே திரும்பக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. நீ வர மாட்டியா?”

மூன்று மாத வாடகை பாக்கி இருந்ததை அப்போது இருவருமே பேசவில்லை.