படியளந்த கம்பெனி, பாக்கி நிற்கும் பள்ளி

நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு யார் செலவு செய்கிறார்கள் என்ற பேச்சே எந்த வீட்டிலும் எழாது. பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாய் வழியே கோலார் தங்கவயலுக்குப் போவது போல, பள்ளியும் தானாக நடக்கிறது என்றுதான் இருந்தோம். என் அப்பாவுக்கு அந்தத் தண்ணீரை ஏற்றி அனுப்பும் வாட்டர் ஒர்க்ஸில் வேலை. பாலாற்றை மறித்துத் தேக்கிய அந்த ஏரியை நம்பித்தான் சுரங்கமும் ஆஸ்பத்திரியும் லைன் வீடுகளும் இருந்தன. நான் தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸில் தாத்தா வீட்டில் தங்கித் தமிழ் வழியில் படித்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி பேத்தமங்களாவுக்கு வந்துவிடுவேன்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அப்பா வாங்கித் தரவேண்டியது நோட்டுப் புத்தகமும் ஒரு ஜோடி துணியும் மட்டும்தான். மற்றதெல்லாம் சுரங்கக் கம்பெனி பார்த்துக்கொண்டது. நாங்கள் உட்கார்ந்த பெஞ்சு, சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்க வந்த மரத்தில் கம்பெனித் தச்சர்கள் அடித்தது. குனிந்து பார்த்தால் அடிப்பலகையில் கறுப்புப் பெயின்டில் ஸ்டோர் நம்பர் தெரியும். தள்ளுவண்டி ஓடித் தேய்ந்த தண்டவாளத் துண்டு ஒன்றை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் பள்ளி மணி. மழையில் ஓடு உடைந்தால் தலைமையாசிரியர் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார். மறுநாளோ அதற்கு மறுநாளோ ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கொத்தனார் வந்து நிற்பார். பணம் கைமாறியதை நாங்கள் பார்த்ததில்லை. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. பரீட்சை சமயத்தில் ராத்திரி ஒன்பது மணி வரை வகுப்பறையில் விளக்கு எரியும். கரண்ட் பில் என்ற ஒன்று பள்ளிக்கு வருமா என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்போம்.

இதைத் தர்மம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். என் தாத்தா கடைசிக் காலத்தில் படுத்தால் மூச்சு வராமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். சிலிகோசிஸ். தரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறை உடைத்தவர்களின் நுரையீரலில் படிந்த தூசுதான் எங்கள் பெஞ்சுக்கும் ஓட்டுக்கும் விலை. சுரங்கப் பாறை வெடிக்கும் ராக் பர்ஸ்டில் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த அந்த மக்கள் படிப்பை யாரிடமும் பிச்சையாகக் கேட்டவர்கள் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் ‘தமிழன்’ இதழைத் தாங்கிப் பிடித்தவர்களில் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பௌத்த சங்கம் வளர்ந்தது. பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்டது. பாறை உடைத்த கூலியில்தான் இவ்வளவும் நடந்தது. அந்த மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியது கம்பெனி கொடுத்த இனாம் ஆகாது. பட்ட கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் வந்தது. 1956ல் சுரங்கங்களை மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. முதலாளி மாறினாலும் ஏணியோடு கொத்தனார் வருவது நிற்கவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது அதுவும் நின்றது. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேல் தங்கம் இந்த மண்ணிலிருந்து போயிருக்கிறது. ஒரே பையை நம்பிப் பள்ளிகளை நடத்தியதன் விலை பை மூடிய பிறகுதான் தெரிந்தது. நான் படித்த கட்டடத்தில் இன்று பாதி அறைகளுக்குப் பூட்டு. ஓட்டு இடுக்கில் அரசஞ்செடி வளர்கிறது. சீட்டு எழுதத் தலைமையாசிரியர் இருக்கிறார்; அதை யாருக்கு அனுப்புவது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

பேத்தமங்களா பக்கம் என் வகுப்புத் தோழனின் மகள் சின்னதாக ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளி நடத்துகிறாள். போன வருஷம் அங்கே போயிருந்தபோது ஃபீஸ் நோட்டைத் திறந்து காட்டினாள். கட்டியவர்களுக்கு நீல மை, கட்டாதவர்களுக்குச் சிவப்பு மை. சிவப்புக்குப் பக்கத்தில் பென்சிலில் குறிப்புகள்: ‘சீட்டு எடுத்ததும்’, ‘தீபாவளி போனஸ் வந்ததும்’, ‘நகை திருப்பினதும்’. பெற்றோரில் பலர் விடியுமுன் ரயில் பிடித்து பெங்களூருக்குப் போகிறவர்கள். கார்மென்ட்ஸ், செக்யூரிட்டி, பெயின்டிங் என்று கிடைத்த வேலையைச் செய்கிறவர்கள்.

“கறாரா கேட்டா புள்ளைய நிறுத்திடறாங்க மாமா. கேக்காம விட்டா டீச்சர் நின்னுடறாங்க.”

“டீச்சருக்கு எவ்வளவும்மா குடுக்கிறே?”

அவள் சொன்ன தொகை, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணின் மாதக் கூலியைவிடக் குறைவு. அந்த டீச்சர் பி.எட். படித்தவர். அதற்கும் கடன் வாங்கித்தான் படித்திருக்கிறார்.

“அப்பா காலத்துல ஸ்கூலுக்கு யாரு மாமா பணம் குடுத்தாங்க?” என்று கேட்டாள். கம்பெனி என்றேன். வேறென்ன சொல்ல?

கட்டணப் பள்ளிக்கு இந்த நோவு என்றால் அரசுப் பள்ளிக்கு வேறு நோவு: பிள்ளைகள் குறைவு, நிரப்பாத பணியிடம், கௌரவ ஊதியத்துக்குக் காத்திருக்கும் ஆசிரியர். மேலே போனாலும் இதே கதைதான். புதிதாகத் தொடங்கிய 9 பல்கலைக்கழகங்களை நடத்தப் பணமில்லை, மூடிவிடலாம் என்று 2025ல் கர்நாடக அமைச்சரவைத் துணைக்குழுவே பரிந்துரைத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், வரிப் பாக்கிக்காக 2024ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. பள்ளிகளுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது என்று 2025ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. கொடுக்கிற கை ஒன்றே ஒன்றாக இருந்தால், அது கம்பெனியின் கையானாலும் அரசின் கையானாலும், அது மூடும் நாளில் தெருவுக்கு வருவது பிள்ளைகள்தான்.

தங்கவயலுக்கு நேர்ந்ததில் என் மனம் ஆறாத இடம் ஒன்று உண்டு. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் நடக்கும் மாவட்டங்களில் மாவட்ட கனிம அறக்கட்டளை அமைக்கவேண்டும் என்றார்கள். பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 சதவீத அளவும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீத அளவும் அதில் கட்டவேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களில் குடிநீர், சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்கு அந்தப் பணத்தில் முன்னுரிமை. நல்ல சட்டம். ஆனால் அது வந்தபோது தங்கவயல் மூடி 14 ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. 800 டன் போன ஊருக்கு அந்தக் கணக்கில் ஒரு கிராம்கூட வரவில்லை.

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. சுரங்கத்திலிருந்து அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேடுகள் இன்னும் ஊரைச் சுற்றி நிற்கின்றன. காற்றடித்தால் அந்தத் தூள் வகுப்பறைக்குள்ளேயே வந்து விழும். அவற்றில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க, சுமார் 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளுக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஏலம் நடந்து ராயல்டி வரும் நாளில் அறக்கட்டளைக்கான பங்கும் வந்தாக வேண்டும். அந்தப் பங்கு மாவட்டத் தலைநகரின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் போய்விடக் கூடாது. அதில் ஒரு பகுதியை எடுத்துச் செலவழிக்க முடியாத வைப்புநிதியாக வைத்து, வட்டியில் பேத்தமங்களா முதல் மாரிகுப்பம் வரை உள்ள அரசுப் பள்ளிகளின் கூரைக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் கொடுக்கவேண்டும். தமிழ், கன்னடம், உருது என்று எந்த வழியில் படிக்கும் பிள்ளையாக இருந்தாலும் சரி. தங்கவயல்காரர்களே, கிராம சபையில், நகரசபையில், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடத்தில் இதை எழுத்தில் கேளுங்கள். ஏலம் முடிவதற்கு முன்பே கேளுங்கள்.