ரூவா ராத்திரி எங்க படுக்குது?

வா பேராண்டி, நிழல்ல உக்காரு. வண்டி புதுசா? பளபளன்னு இருக்கே. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக் குரங்கெல்லாம் வரிசையா வந்து மூஞ்சி பாத்துட்டுப் போகுதுக. 2025 செப்டம்பர் 22-லருந்து சின்னக் காருக்கு வரிய 28-லருந்து 18 சதமாக் கொறச்சுட்டாகன்னு பேப்பர்ல நானும் பாத்தேன். அந்தப் பத்து சதத்த மிச்சம் பிடிக்கணும்னு எட்டு லச்சம் கடன் வாங்கியிருக்கியாக்கும். கெட்டிக்காரன்தான். உங்க அப்பனுக்கு இந்தச் சூட்டிக கிடையாது.

நான் என்ன, குத்தம் சொல்லவா போறேன்? வாங்கு. வயசுல வாங்காம எப்ப வாங்குறது? எங்கள மாதிரிக் கெழடு கட்டைகதான் வேட்டி கிழிஞ்சா துண்டாக்கி, துண்டு கிழிஞ்சா கோவணமாக்கி, அதுவும் கிழிஞ்சா மாட்டுக் கொட்டத்துக்குக் கரித்துணியாக்கி, நாட்டோட வளர்ச்சிய ஒரு தலைமுறைக்கு மறிச்சு வச்சிட்டோம். நீங்க வந்துதான் அத அவுத்து விட்டிருக்கீக.

கையில என்ன, தண்ணி பாட்டிலா? நல்லது. மலைத்தண்ணி ஓடுற எடத்துக்கு ஊருத்தண்ணிய வெலைக்கு வாங்கியாந்திருக்க. லிட்டரு 20 ரூவா இருக்குமா? ஒரு கணக்குச் சொல்றேன், கேட்டுக்க. 2023 டிசம்பர்ல ஆவின் பசும்பால் கொள்முதல் வெலைய 35-லருந்து 38 ரூவாயாக்குச்சு. ஒரு மாடு வைக்கோலத் தின்னு, புண்ணாக்கக் குடிச்சு, ராத்திரி பூரா அசை போட்டு, ஈ கடிச்சு, கன்னுக்குட்டிய ஏமாத்தி நமக்குக் குடுக்குற பாலு 38. குழாயில வந்த தண்ணிய வடிகட்டி மூடி போட்டா 20. மாடு இனி மாடா இருக்கப்படாது பேராண்டி, கம்பெனியா இருக்கணும்.

அந்தா, புளியமரத்து உச்சாணியப் பாரு. வாலு மட்டும் தொங்குதுல்ல, அதான் சாம்பல் அணிலு. 1988-ல இந்தக் காட்டையே அதுக்குச் சரணாலயமா எழுதி வச்சாக. 2021-ல மேகமலையையும் சேத்துப் புலிகள் காப்பகமாச்சு, தமிழ்நாட்டுல அஞ்சாவது. இந்த அணிலு ஒரு கூடு கட்டிட்டு நிக்காது. நாலஞ்சு மரத்துல கட்டும். பாத்தா நம்ம பைபாஸ் ரோட்டு ரியல் எஸ்டேட்காரன் மாதிரிதான் தெரியும். ஆனா ஒரு கூட்டக் காட்டி இன்னொரு கூட்டுக்கு லோன் வாங்கல. கூட்டுக்கு மேல கூடு கட்டி வாடகைக்கு விடல. சொந்தக்காரனெல்லாம் வயிறு எரியணும்னு கிரகப்பிரவேசப் பத்திரிகையும் அடிக்கல. அதனாலதான் அது அணிலாவே இருக்கு, நாம மனுசனாயிட்டோம்.

மனுசன்லயும் ஒருத்தர் இருந்தாரு. 1949-லருந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதலமைச்சரு, நம்ம ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்துட்டாரு. முதலமைச்சரா இருந்தவரு ஊருக்கு வீடு குடுத்த கதைய இப்ப சொன்னா, எந்தக் கேசுக்குப் பயந்து குடுத்தாருன்னுதான் எளவட்டம் கேக்குது.

சரி, போனு எவ்வளவு? மாசத் தவணையா? வட்டியே கிடையாதுன்னு சொன்னாகளா? நீ நம்புனியா? பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி பேங்குகளுக்கெல்லாம் எழுதி அனுப்புச்சு. வட்டிய எங்க ஒளிப்பாகன்னா, ரொக்கமா வாங்குனா கிடைக்கிற தள்ளுபடியில ஒளிப்பாக, இல்ல 'பிராசசிங் பீஸ்'னு பேரு மாத்தி முன்னாடியே எடுத்துக்கிருவாக. கந்துவட்டிக்காரன் நூறு எழுதி வாங்கிட்டுத் தொண்ணூறு கையில குடுப்பான். இவுக அதே சோலியக் கோட்டு மாட்டிக்கிட்டு, ஏசி ரூம்ல காப்பி குடுத்துப் பாக்காக. காப்பி குடுத்தா நம்ம ஆளுக்கு எதுவும் வலிக்காது.

அந்தக் காலம் பொற்காலம்னு அளப்பேன்னு பாக்குறியா? அளக்க மாட்டேன். இந்த மாந்தோப்புக் கதைய எடுத்துக்க. காயப் பாத்தா வித்தோம்? பூவப் பாத்து வித்தோம். தையில மரம் பூக்கும்போதே குத்தகைக்காரரு வந்து நிப்பாரு. மக கல்யாணம், மாமியா கருமாதி, ஏதாவது ஒண்ணு வீட்டுல நிக்கும். அவரு சொன்னதுதான் வெல. பங்குனியில காயி காய்ச்சுத் தொங்கும்போது நம்ம மரத்துக் காயப் பறிச்சா நம்மளயே கள்ளன்னு சொல்லுவான் காவக்காரன். இனிமே வரப்போறத இன்னைக்கே வித்துத் தின்னது நாங்கதான்டா மொதல்ல. நீ எங்க பேரன். நாங்க பூவ வித்தோம், நீ அடுத்த அஞ்சு வருசச் சம்பளத்த வித்திருக்க. பூவாவது நம்ம கண்ணுல பட்டுச்சு.

கந்துவட்டிக்கு 2003-ல சட்டம் போட்டாக. அப்புறம் கந்துவட்டிக்காரன் வாசல் திண்ணைய விட்டு எறங்கி, பைக்குல குழுக்கடன் வசூலுக்கு வந்தான். வாரா வாரம் ஒரு வீட்டு முத்தத்துல பொம்பளைகள வட்டமா உக்கார வச்சு, ஒருத்தி கட்டலேன்னா மத்தவக கட்டணும்பான். ஒரு தெருவுல இருக்குற அக்கா தங்கச்சிகள ஒருத்திக்கொருத்தி போலீசாக்கி விட்டுட்டான். 2025-ல அதுக்கும் சட்டமன்றத்துல சட்டம் போட்டாக, கடன் வசூலிக்கிறேன்னு மெரட்டப்படாதுன்னு. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனா சட்டம் நடந்து வருது, தவணை வண்டியில வருது.

இப்ப நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நீ செலவழிக்கிற ரூவா அன்னைக்கு ராத்திரி எங்க படுக்குது? இத மட்டும் கேளு, வேற எதுவும் யோசிக்க வேணாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கால் கிலோ பால்கோவா வாங்குற. பாலு பக்கத்து ஊரு மாட்டோடது. கிண்டுறவன் விறகு அடுப்புப் பக்கத்துல நின்னு, வேர்வை வழிய வழிய, அடிப்பிடிக்காமச் சட்டுவத்தப் போட்டு இழுக்குறவன். நீ குடுத்த ரூவா அன்னைக்கு ராத்திரி பத்து கிலோமீட்டருக்குள்ளதான் படுக்கும். புண்ணாக்குக் கடையில ஒரு பங்கு, விறகுக்காரன் மடியில ஒரு பங்கு, பள்ளிக்கூட நோட்டுல ஒரு பங்கு. காலையில எந்திரிச்சு மறுபடியும் உங்கிட்டயே வந்தாலும் வரும். 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடும் குடுத்துட்டாக. ஆனா நீ என்ன பண்ணுவ? வெளியூர் பஸ் ஸ்டாண்டுல எவனோ சக்கரையவும் பால் பவுடரையும் பெசஞ்சு நம்ம ஊரு பேர ஒட்டி வச்சிருப்பான், அதப் போயி வாங்குவ. வாங்கித் தின்னுட்டு, 'முன்ன மாதிரி ருசி இல்ல'ன்னு எங்கள வைவ.

தளவாய்புரத்துல நைட்டி தைக்கிறாக, சத்திரப்பட்டியில தறி போட்டுக் காயத்துக்குக் கட்டுற துணி நெய்யிறாக, ராஜபாளையத்துல நூல் மில்லு ஓடுது. உங்க சித்தி என்ன பண்ணா தெரியுமா? தளவாய்புரத்துக்கு மூணாவது ஊருல உக்காந்துக்கிட்டு, போனுல நைட்டிக்கு ஆர்டர் போட்டா. அது எங்கயோ வடக்கருந்து கெளம்பி, நாலு குடோன்ல தூங்கி எந்திரிச்சு, தளவாய்புரம் வழியா வந்து சேந்துச்சு. அளவு பத்தல. திருப்பி அனுப்புனா. அது மறுபடியும் தளவாய்புரம் வழியா வடக்க போச்சு. அந்த நைட்டி பாத்த ஊர உங்க சித்தி பாத்ததில்ல.

ரூவா எங்க படுக்குதுங்கிற இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்ல. மதுரை ரோட்டுல கிருஷ்ணன்கோவில் தாண்டிப் போனா டி. கல்லுப்பட்டி வருதுல்ல, அங்கதான் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்துல இருந்தாரு. 1892-ல தஞ்சாவூர்ல பொறந்தவரு. லண்டன்ல கணக்குப் படிச்சு, அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துல பொருளாதாரம் படிச்சு, பம்பாயில ஆடிட்டரா இருந்த மனுசன். காந்திகிட்டப் போயிச் சேந்து கோட்டக் கழட்டிட்டாரு. ஜெயில்ல இருந்தப்ப எழுதுன 'நிலைத்த பொருளாதாரம்' 1945-ல புஸ்தகமா வந்துச்சு. அதுல உலகத்துல இருக்கிற பொழப்ப அஞ்சா வகுந்திருக்காரு. ஒட்டுண்ணி மாதிரி இன்னொண்ணக் கெடுத்துப் பொழைக்கிறது ஒண்ணு. குரங்கு தோப்புக்குள்ள பூந்து, நட்டதும் இல்ல தண்ணி விட்டதும் இல்ல, தின்னுட்டுப் போறது ஒண்ணு. தானே பாடுபட்டுத் தனக்குத் தேடிக்கிறது ஒண்ணு. தேனீ மாதிரி கூட்டத்துக்குச் சேத்து வைக்கிறது ஒண்ணு. தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுற மாதிரி திருப்பி எதுவும் கேக்காமச் செய்யிறது கடைசி.

ஒரு பொருள வாங்குறவன், அது உண்டான வழியில நடந்த நல்லது கெட்டதுக்கெல்லாம் பங்காளின்னும் அவரு சொன்னாரு. இதான் மனசுல குத்துற எடம். தீவாளிக்கு நீ பொசுக்குற சரத்துக்குப் பின்னாடி இங்கன பக்கத்துல சிவகாசியில எவன் கை கருகுச்சுன்னு கேட்டா, பண்டிக நாள்ல ஏன் தாத்தா அபசகுனமாப் பேசுறேம்ப. சரி, பேசல.

தேனீன்னதும் ஞாபகம் வருது. இந்தத் தோப்புக்கு மேல பளியர் குடியிருப்பு இருக்கு. பாறையிலயும் மரத்துலயும் ஏறித் தேன் எடுக்குறவுக. காட்டுல வெளையிற தேன் அவுக உரிமைன்னு 2006 வன உரிமைச் சட்டமே ஒத்துக்கிருச்சு. அவுக ஒரு குப்பித் தேனக் கொண்டாந்தா உங்க ஆளுக என்ன பண்றீக? வெயில்ல தூக்கிப் பாக்குறீக, தாள்ல சொட்டுப் போட்டுப் பாக்குறீக, 'சக்கரப் பாகா?'ன்னு கேக்குறீக, அப்புறம் அம்பது ரூவா கொறங்கிறீக. கடையில சீல் வச்ச பாட்டிலு? கேள்வியே இல்லாமக் கூடைக்குள்ள போகுது. 2020-ல டெல்லியில சிஎஸ்இன்னு ஒரு அமைப்பு, 13 பிராண்டுத் தேன எடுத்துச் சோதிச்சுச்சு. ஜெர்மனி வரைக்கும் அனுப்பிப் பாத்தாக. எல்லாச் சோதனையும் தாண்டுனது மூணே மூணு. மரத்துல ஏறுறவன்மேல சந்தேகம், லேபிலு ஒட்டுறவன்மேல நம்பிக்க. இதுக்குப் பேருதான் படிப்பு.

அரசாங்கத்தச் சொல்லலேன்னு குறை வேண்டாம். 2006-ல ஆட்சி மாறுச்சு, கலர் டிவி வந்துச்சு. 2011-ல ஆட்சி மாறுச்சு, மிக்சி, கிரைண்டரு, ஃபேனு வந்துச்சு. கூடவே கரண்டு போயிருச்சு. மிக்சிய நடுவீட்டுல வச்சுப் பொட்டு வச்சுக் கும்பிட்டுக்கிட்டு, உங்க ஆச்சி அம்மியில அரைச்சா. ஆனா கரண்டு வந்ததும் அவ தோள்வலி தீந்துச்சு, அத நான் கேலி பண்ண மாட்டேன். அம்மியத் தள்ளுனது அவதான், 'அம்மி ருசியே தனி'ன்னு பேசுனதெல்லாம் நான்தான்.

இந்தக் கை டிவி குடுத்தா, அந்தக் கை கடை வச்சுச்சு. 2003 நவம்பர்லருந்து சாராயம் விக்கிறதும் அரசாங்கம்தான். 2023-24-ல மட்டும் அதுல வந்த வருமானம் 45,000 கோடிக்கு மேல. ஒரு வீட்டுக்காரன் சாயங்காலம் கூலிய வாங்கி அங்க குடுக்குறான், அவன் பொண்டாட்டி மாசா மாசம் அத உதவித்தொகையா வாங்குறா. ரூவா வீட்டுக்குத்தான் வந்துச்சு, ஆனா எந்த வழியா வந்துச்சு பாரு. இதுல ஒரு நல்ல காரியமும் உண்டு. காட்டுல பாட்டில ஒடச்சுப் போட்டு யானை காலக் கிழிக்குதுன்னு கோர்ட்டு கேட்டதுல, நீலகிரியில 2022-ல காலி பாட்டிலத் திருப்பிக் குடுத்தா பத்து ரூவா குடுக்க ஆரம்பிச்சாக. அந்தப் பத்து ரூவா வாங்கும்போதே கூடுதலாப் பிடிச்சுக்கிட்டதுதான். காலி பாட்டிலுக்கு வெல வந்துருச்சு. குடிச்சு முடிச்ச ஆளத் திருப்பிக் கொண்டாந்தா எவனும் ஒரு ரூவா தர மாட்டேங்கிறான்.

உனக்குப் புத்தி சொல்லணும்னா மூணே சொல்லுவேன். ஒண்ணு, எந்தக் கடையில உன்ன 'சார் சார்'னு ரொம்பக் கூப்பிடுறானோ அங்க பர்ச உள்பையில வை. ரெண்டு, பெரிய கடையில பேரம் பேச வெக்கப்படுறவன், கூடைக்காரிகிட்டயும் வெக்கப்பட்டுக்க. மூணு, தவணையில ஒண்ணு வாங்குனா, அது தீர்ற வரைக்கும் அந்தப் பொருளு உசுரோட இருக்குமான்னு கேட்டுக்க. சாமானுக்குக் கருமாதி முடிஞ்ச பொறகும் தவணை கட்டிக்கிட்டிருக்கிறவன் ஊருல பாதிப்பேரு.

எந்திரிக்கியா? இரு, இந்தக் கூடையப் பாத்துட்டுப் போ. சப்பட்டை மாங்கா, மரத்துல பழுத்தது. இந்த வருசம் பூவுல விக்கல, பழுக்குற வரைக்கும் வச்சிருந்தேன். டவுனுல விக்கிற வெலைக்குப் பத்து ரூவா கூட. ஆமா, கூடத்தான். இவ்வளவு நேரம் ஓசியிலயா பேசுனேன்? கொறச்சுக் கேக்காத, இப்பத்தான் ரெண்டாவது புத்தி சொன்னேன். துட்டு இல்லேன்னா அந்தா மரத்துல அட்டை தொங்குது, போனக் காட்டி அனுப்பு.

கேளு கேளு, நான் சொல்லிக் குடுத்த கேள்வியத்தானே கேக்கப்போற. இந்த ரூவா ராத்திரி எங்க படுக்கும்னு. உன் தங்கச்சி காலேஜ் பீசுல படுக்கும். அந்தக் காலேஜுக்காரன்கிட்டருந்து அது எங்க போயிப் படுக்குதுன்னு கேட்டேன்னா, அதுக்குப் பதில் தெரிஞ்சிருந்தா நான் ஏன்டா இங்க மாங்கா விக்கிறேன்? கிலோ கணக்கா வாங்கு, பேராண்டி. உனக்கென்ன, வரியில பத்து சதம் மிச்சம் இருக்குல்ல.