வாயால் பிடித்த கேட்ச்

கபடியில் வாய் என்பது பாடி வருகிறவனுக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஏழு பேருக்குக் கையும் காலும் இருந்தால் போதும். இந்த ஏற்பாட்டை மதிக்காமல், பிடிக்கிற பக்கம் நின்றுகொண்டு வாயாலேயே ஆட்டம் முழுவதையும் ஆடித் தீர்த்த ஆள் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஆலையின் பெயர் வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று ஊர்ப் பலகையும் ஆலைக் கேட்டும் மாறி மாறி வருமே, அந்த வரிசையில் ஒன்று. பின்பக்கம் உப்பனாறு. பஸ்ஸில் தூங்கி வழிகிறவன்கூட மூக்கை வைத்தே சிப்காட் வந்துவிட்டது என்று எழுந்துவிடுவான். அங்கே எனக்கு லேபில் வேலை. வருகிற சாம்பிளுக்கெல்லாம் பிஎச் பார்த்து லாக் புக்கில் ஏற்ற வேண்டும். வருஷக்கணக்காக இதையே செய்ததில், எதையும் அளந்து கட்டம் போட்டு எழுதிவிட்டால் அது அடங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை எனக்குள் ஊறிப்போயிருந்தது. கபடிக்குள் நான் மூக்கை நுழைத்தது இந்த நம்பிக்கையோடுதான்.

பொங்கல் வந்தால், திருவிழா வந்தால், இந்தப் பக்கத்துச் சுவர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடி போட்டி’ என்று போஸ்டர் ஏறிவிடும். ஏ ஷிப்ட் முடித்த பையன்கள் சட்டையைக் கழற்றி சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் பயிற்சிக்கு இறங்குவார்கள். எங்கள் ஆலைப் பையன்களும் ஒரு டீம் வைத்திருந்தார்கள். பாதிக்கு மேல் கான்ட்ராக்ட். ஆலைக்கும் கபடிக்கும் தமிழ்நாட்டில் பழைய உறவு உண்டு. 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன், பேப்பர் மில் டீமில் ஆடி மேலே வந்தவர்தான். அவர் கதையைத் தழுவி ‘பைசன்’ படம் வந்தபிறகு இது எல்லோருக்கும் தெரியும். நான் அதற்கு முன்பே தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆடினவன் இல்லை நான். டிவி பார்த்தவன். 2017-ல் தமிழ் தலைவாஸ் புரோ கபடிக்குள் வந்த நாளிலிருந்து ஒரு ஆட்டம் விடவில்லை. முதல் பருவத்தில் தலைவாஸ் தன் பிரிவில் கடைசி. கேன்டீனில் அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில், அவர் முழங்கால் போயிற்று. பருவமே முடிந்தது அவருக்கு. அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி பார்த்தது. “ரைடரை நம்பாதே, டிஃபென்ஸை நம்பு. நான் அப்பவே சொன்னேன்” என்றேன். அப்போது நான் சொன்னது வேறு. யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

இப்படிப் பேசிப் பேசியே ஒருநாள் டீமுக்குப் ‘பிளான் போடுகிறவர்’ ஆகிவிட்டேன். யாரும் நியமிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

எங்கள் தலைவலி, பக்கத்து ஆலையின் ஈடிபியில், அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்கிற இடத்தில், வேலை பார்த்த ஒரு பையன். ஒல்லி. ஈரத்துணி மாதிரி கையில் வழுக்குவான். நின்று நிதானமாகப் பாடுகிற ரைடர் என்றால் ஒரு கணக்கு வரும். கால் நீட்டி ஆழம் பார்ப்பான், போனஸுக்கு எட்டுவான், தோள் சாயும், நமக்கும் நேரம் கிடைக்கும். இவன் நடுக்கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து ஓட்டம். இந்தக் கார்னரிலிருந்து அந்தக் கார்னருக்குக் குறுக்கே ஓடுவான், ஓட்டத்திலேயே யாரையாவது தட்டிவிட்டு அதே வேகத்தில் கோட்டுக்குத் திரும்பிவிடுவான். ராகுல் சௌத்ரி புரோ கபடியில் பேர் வாங்கியது இந்த ஓட்டத் தட்டில்தான். ஒரு ரைடுக்கு 30 விநாடி என்று விதி. இவனுக்குப் பத்தே போதும்.

முதலில் வழக்கம்போல அளந்தேன். அவன் ஆட்டத்தைச் செல்போனில் வீடியோ எடுத்து, ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து, நோட்டில் கட்டம் போட்டேன். முதல் ஓட்டம் எந்தப் பக்கம், எங்கே திரும்புகிறான், எந்தக் கையால் தட்டுகிறான். எல்லாவற்றையும் கூட்டினால், பெரும்பாலும் இடது கார்னரைத்தான் முதலில் சோதிக்கிறான் என்று வந்தது. சரி, இடது கார்னர் காத்திருக்க வேண்டாம், அவன் வந்ததும் முந்திப் பாய்ந்து காலைப் பிடிக்கட்டும் என்று பிளான். பையன்கள் தலையாட்டினார்கள்.

ஆட்டத்தில் அவன் எல்லா தடவையும் வலது கார்னருக்கே போனான். இடைவேளையில்தான் புத்தி வந்தது. வீடியோ எடுத்தபோது நான் நின்றது ரைடர் வருகிற பக்கம். கார்னருக்கு இடது வலது பார்ப்பது பிடிக்கிறவன் கணக்கில். என் நோட்டில் இருந்த இடது எல்லாம் களத்தில் வலது. லேபில் இப்படி ஒரு சாம்பிளை மாற்றி எழுதியிருந்தால் மெமோ வந்திருக்கும். நான் பையன்களிடம், “பாத்தீங்களா, நம்ம பிளான் தெரிஞ்சு பக்கத்த மாத்திட்டான்” என்றேன். அவன் மேல் மரியாதை கூடியது அவர்களுக்கு.

அடுத்தது அமெரிக்க யோசனை. அக்காள் மகன் அங்கே இருக்கிறான், அவர்கள் ஊர் ஃபுட்பால் பைத்தியம். அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர், பின்னால் நின்று பந்தை எறிகிறவர். எறிய வேண்டிய ஆளே பந்தோடு ஓடத் தொடங்கினால் பிடிக்கிறவர்கள் பாடு திண்டாட்டம். பால்டிமோர் அணியின் லமார் ஜாக்சன் 2019 பருவத்தில் 1,206 கெஜம் ஓடினார். அதுவரை எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஒரே பருவத்தில் அவ்வளவு ஓடியதில்லை. இப்படிப்பட்டவருக்கு எதிராக அங்கே ஒரு தந்திரம் உண்டு என்றான் அக்காள் மகன். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்க, ஒரே ஒருவன் மட்டும் வேறு எதையும் கவனிக்காமல் அவர் போகிற பக்கமெல்லாம் நிழலாகப் போவானாம். உளவாளி என்று பெயர். “மாமா, நம்ம கபடிக்கும் இது செட் ஆவும்” என்றான். அவன் கபடி ஆடியதில்லை. நானும் ஆடியதில்லை. இரண்டு பேரும் ஒத்துப்போனோம்.

எங்கள் இடது கவரை உளவாளி ஆக்கினேன். கவரும் கார்னரும் ஒருவன் கையை ஒருவன் பிடித்து நிற்பதுதான் செயின். அந்தப் பிடி இருந்தால்தான் ரைடர் உள்ளே வந்தபின் வலை மூடும். உளவாளி செயினை விட்டுக் கிளம்பினான். ஈடிபி பையன் வலதுபக்கம் ஓடினான், உளவாளி கூடவே ஓடினான். பையன் சட்டென்று நின்று திரும்பினான், உளவாளியால் நிற்க முடியவில்லை, எங்கள் வலது கார்னர் மேலேயே போய் மோதினான். இரண்டு பேரையும் தட்டிவிட்டு, உளவாளி விட்டுப்போன ஓட்டை வழியாக அவன் நடந்தே வெளியே போனான். ஓடவில்லை. நடந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜகார்த்தாவில் நடந்ததை அப்போதே ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்த வேலையெல்லாம் செய்திருக்க மாட்டேன். 1990 பெய்ஜிங் முதல் 2014 வரை ஆசியப் போட்டியில் ஆண்கள் கபடியில் 7 தங்கமும் இந்தியாவுக்குத்தான். 2018-ல் ஜகார்த்தாவில் அரையிறுதியிலேயே ஈரான் 27–18 என்று நம்மை வெளியே அனுப்பியது. ஃபசல் அத்ராசலி இடது கார்னரில் நிற்பதைப் பாருங்கள், மனிதர் ரைடர் வரும்போது ஒன்றுமே செய்யமாட்டார். உள்ளே வரவிட்டு, ரைடருக்கு முதுகு திரும்புகிற நேரம் வந்த பிறகுதான் கணுக்கால் பிடி. நான் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு 2025 பிப்ரவரியில் அக்காள் மகன் இன்னொரு வீடியோ அனுப்பினான். சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். கான்சஸ் சிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸும் கால் ஓயாத ஆள். பிலடெல்பியா அணி அவரைத் துரத்தக் கூடுதல் ஆளை ஒரு தடவைகூட அனுப்பவில்லையாம். முன்வரிசை நான்கு பேரே நெருக்க, மற்றவர்கள் இடத்தைக் காத்து நின்றார்கள். 6 முறை அவர் பந்தோடு விழுந்தார். 40–22. ஆஹா, இதைத்தானே ஈரான்காரர் செய்தார் என்று எனக்குப் புளகாங்கிதம். எங்கள் பையன்களிடம் போய், “யாரும் பாயக் கூடாது. பொறு. அவனாக வரட்டும்” என்றேன்.

பொறுத்தார்கள். சொன்னபடியே பொறுத்தார்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. உள்ளே ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால், ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது மற்ற கால் காற்றில் இருந்தால் ரைடருக்கு ஒரு புள்ளி. எங்கள் ஏழு பேரும் கடைசிக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு பொறுமையாக நிற்க, ஈடிபி பையன் வந்து வந்து போனஸ் எடுத்துப் போனான். வெளியே நின்று நான் “பொறு, பொறு” என்று கத்தக் கத்த, அவன் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி போனஸ். ஆறு பேருக்குக் கீழே போனால் போனஸ் கிடையாது என்ற விதி திடீரென்று ஞாபகம் வர, “யாராவது ரெண்டு பேர் அவுட் ஆயிடுங்கடா” என்றும் கத்திவிட்டேன். இதை இப்போதும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

ஒரே ஒரு முறை நானே களத்தில் இறங்கியதையும் சொல்லிவிடுகிறேன். சண்டே பயிற்சி, ஆள் குறைந்தது, இடது கார்னரில் என்னை நிறுத்தினார்கள். களத்தின் இரு ஓரத்திலும் ஒரு மீட்டர் லாபி. ரைடரை யாராவது தொட்ட பிறகுதான் அது ஆட்டத்துக்குள் வரும். அதற்கு முன்னால் அதில் கால் வைத்தால் அவுட். இந்த விதியை டீமில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவனே நான். பையன் ஒருவன் என்னை நோக்கி ஓடிவர, நான் பின்வாங்கி, பின்வாங்கி, லாபியில் போய் நின்றேன். அவன் என்னைத் தொடவே இல்லை. “அண்ணே, அவுட்டு” என்றான் பணிவாக. அந்தப் பணிவுதான் குத்தியது.

ஈடிபி பையனைக் கடைசியில் பிடித்தார்கள். செம்மங்குப்பம் பக்கம் ஒரு மின்னொளிப் போட்டியில். பிடித்தது எங்கள் வலது கவர். பாய்லரில் சாம்பல் அள்ளுகிற பையன், ஒருநாள் பூராவும் சேர்த்தால் நாலு வார்த்தை பேசுவான். அப்போது நான் அங்கே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தேன். தூரத்தில் கூச்சல் கேட்டு கிளாஸோடு ஓடிவந்தால், மணலுக்கு அடியிலிருந்து ஈடிபி பையன் தலை மட்டும் தெரிகிறது, மேலே எங்கள் ஆட்கள் ஐந்து பேர்.

“எந்தப் பிளான்லடா புடிச்சீங்க?”

“பிளான் இல்லண்ணே. நீங்க இல்லன்னு சும்மா நின்னுக்கிட்டிருந்தோம்.”

சாம்பல் பையனைத் தனியே கேட்டேன். அவன் முழங்காலில் தோல் உரிந்து மணல் ஒட்டியிருந்தது. வழித்துக்கொண்டே சொன்னான்: “எவ்ளோ ஓடுனாலும் திரும்புறப்ப வெளிக்கால ஊனித்தாண்ணே ஆவணும். அந்தக் கால்தான். கைய விட்டுட்டு அதுக்கே போனேன்.” கார்னரின் கையைப் பிடித்திருந்தவன், ரைடர் பாக் லைனிலிருந்து வீட்டுப்பக்கம் திரும்பி வலதுகாலை ஊன்றியதும், கையை விட்டு இரண்டு கையாலும் தொடையைக் கட்டியிருக்கிறான். கார்னர் இடுப்புக்கு வர, மற்றவர்கள் மேலே விழுந்து மூடியிருக்கிறார்கள். என் நோட்டில் எத்தனையோ கட்டம் இருந்தது. ஊன்றுகிற காலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. முகத்தையும் கையையும் பார்த்தே காலம் ஓட்டியிருக்கிறேன்.

மறுநாள் கேன்டீனில் மேனேஜர் கேட்டார், எப்படிப் பிடித்தார்கள் என்று. ட்ரேயைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து நின்று, வெளிக்காலை ஊன்றிக் காட்டி, தொடையைப் பிடித்துக் காட்டி, ஐந்து நிமிஷம் விளக்கினேன். நேரில் பார்த்தவன் மாதிரி. “சூப்பர் பிளான்” என்று கை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். சாம்பல் பையன் இரண்டு மேஜை தள்ளிச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

இந்தப் பொங்கலுக்கு டீமில் எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். பேசக்கூடாத வேலை. ஸ்டாப்வாட்ச் பிடிப்பது. 30 விநாடி ஆனதும் விசில் ஊத வேண்டும், அவ்வளவுதான். முதல் ரைடே ஈடிபி பையன். அவன் கால் எங்கே ஊன்றுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததில் பொத்தானை அமுக்கவே மறந்துவிட்டேன். எங்கள் பையன்கள் “டைமு, டைமு” என்று கத்துகிறார்கள், வாட்சில் பார்த்தால் பூஜ்யம். அவன் அதற்குள் மூன்று பேரைத் தட்டிவிட்டுத் தன் பக்கம் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.