பலாமரத்தாண்ட வீட்டு சின்னப்பையன்

தொண்ணூறுகளின் நடுவில் பி.சி.ஏ.வோ எம்.சி.ஏ.வோ படித்தவர் யாராக இருந்தாலும், பரணில் தேடினால், கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்து, பின்னட்டைப் பையில் ஒரு பிளாப்பி செருகிய பிராஜெக்ட் ரிப்போர்ட் ஒன்று அகப்படும். அதைத் திறந்தால், நூலகமோ மருத்துவமனையோ சம்பளப் பட்டியலோ எதைப் பற்றியதானாலும், முதல் அத்தியாயத்திலேயே 'எக்ஸிஸ்டிங் சிஸ்டம்' என்ற தலைப்பின் கீழ், எல்லாம் கையால் எழுதப்படுகிறது, நேரம் வீணாகிறது, பிழை மலிகிறது என்று ஒரு வசைப்பாட்டும், பக்கத்தைத் திருப்பினால் 'புரொபோஸ்டு சிஸ்டம்' என்று போட்டு, எல்லாம் வேகம், எல்லாம் துல்லியம் என்று ஒரு வாழ்த்துப்பாட்டும் இருக்கும். அந்த இரண்டு பக்கங்களை ஊர் ஊராக நாங்கள் ஒரே குரலில்தான் ஓதினோம். உங்களுடையதும் அப்படித்தானே?

சிஸ்டம்ஸ் அனாலிசிஸ் என்றொரு பாடம் அப்போது இருந்தது. எலியாஸ் அவாத் எழுதிய தடிப் புத்தகம், பச்சை பிளாஸ்டிக்கில் வட்டமும் சதுரமும் வெட்டிய ஸ்டென்சில், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டிய ஏ.சி. லேப், மின்சாரம் போனதும் கதறும் யு.பி.எஸ்., அந்தக் கதறல் அடங்குவதற்குள் சேமித்துவிட வேண்டும் என்ற பதற்றம். இப்போது நான் பாடம் நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் செருப்போடு வருகிறார்கள், மடியில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஏ.சி.யும் இல்லை, பக்தியும் இல்லை. நல்லதுதான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்த அந்தக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மினுக்கியபோது இருந்த பரவசம், இந்த ஆயிரம் நிறத்தில் வரக் காணோம்.

எங்கள் வகுப்பில் மற்றவர்கள் நூலகம், மருத்துவமனை என்று பிரித்துக்கொண்டபோது, நானும் ஜவ்வாது மலையின் புதூர்நாட்டிலிருந்து வந்த நண்பனும் அவன் மாமாவின் கடையை எடுத்துக்கொண்டோம். திருப்பத்தூரிலிருந்து மலையேறும் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கோழிக்கூடையும் மண்ணெண்ணெய் கேனும் ஒரு பக்கமாகச் சாய, கையில் ஆய்வுக் கேள்விப் பட்டியலோடு போன என்னை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த மலைக்கு நாகரிகத்தைக் கொண்டுபோகும் மிஷனரியின் முகம் எனக்கு அன்று இருந்திருக்க வேண்டும். கேள்வி ஒன்று: "மாமா, உங்க சிஸ்டத்துக்கு இன்புட் என்ன, அவுட்புட் என்ன?" அவர் சாமையைப் படியால் அளந்துகொண்டே, "கீழேர்ந்து உப்பு, பொயிலை மேல வருது, மேலேர்ந்து புளி, கடுக்கா கீழ போவுது, நடுவுல நான் குந்திக்கினு கீறேன். இதெல்லாம் இன்னாத்துக்குத் தம்பி?" என்றார். ஒரு வட்டம், உள்ளே வரும் அம்பு, வெளியே போகும் அம்பு. எங்கள் வகுப்பில் இரண்டு மணி நேரம் எடுத்த கான்டெக்ஸ்ட் டயகிராம் அதுதான் என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் பிடித்தது.

பிறகு நோட்டைக் கொடுத்தார். எண்ணெய் ஊறிய நீளவாக்குப் பேரேடு. ஒரே வரியில் 'சின்னப்பையன், உப்பு, பொயிலை, சீமெண்ணெய், வெல்லம் அரை' என்று எழுதி, ஓரத்தில் 'புளி உலுக்கினதும்' என்று முடித்திருந்தார். எட்கர் காட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், ஐ.பி.எம்.மின் கலிபோர்னியா ஆய்வகத்தில் உட்கார்ந்து, 1970-ல் வெளியிட்ட கட்டுரையில், பெருந்தகவல் அத்தனையையும் வெறும் அட்டவணைகளாகவே வைக்க முடியும் என்று நிறுவியிருந்தார். ஒரு கட்டத்துக்குள் ஒரு மதிப்புதான் என்பது அதில் பால பாடம். மாமாவின் கட்டத்துக்குள்ளோ ஒரு குடும்பத்தின் ஒரு வாரச் சமையலே இருந்தது. வாடிக்கையாளருக்கு ஒரு அட்டவணை, சரக்குக்கு ஒன்று, பற்றுக்கு ஒன்று, பற்றின் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று என்று நாங்கள் பிரித்தோம். 1976-ல் பீட்டர் சென் காட்டிய வழியில் செவ்வகமும் சாய்சதுரமும் போட்டு, சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் அழகாக வரைந்தோம்.

சிக்கல் பெயரில் வந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் தனித்த அடையாளம் வேண்டும், பிரைமரி கீ வேண்டும். ஊரில் சின்னப்பையன் நாலு பேர், காளி அரை டஜன், அப்பா பெயரைச் சேர்த்தாலும் இரண்டிரண்டாக வரும். "எப்படி மாமா கண்டுபுடிக்கிறீங்க?" என்றால், "இவன் பலாமரத்தாண்ட வீட்டு சின்னப்பையன், அவன் மேட்டு வீட்டு சின்னப்பையன், இதுல இன்னா கஷ்டம்?" என்றார். பல பத்திகளைச் சேர்த்து ஒரு அடையாளம் செய்யும் கூட்டுச் சாவிதான்; ஆனால் பலாமரத்தை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். படித்த கேள்வி. அவர் என்னைப் பார்த்த பார்வையில், மரத்தை வெட்டினாலும் வீட்டின் பெயர் போகாது என்பது இவனுக்குத் தெரியவில்லையே என்ற இரக்கம் இருந்தது.

அடுத்தது தேதி. நாங்கள் பயன்படுத்திய பாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நம் வழக்கப்படி நாள், மாதம், வருஷம் என்று தேதி விழ வேண்டுமானால் 'செட் டேட் பிரிட்டிஷ்' என்று கட்டளை கொடுக்க வேண்டும். சுதந்திர இந்தியாவில், ஜவ்வாது மலையில் வாங்கிய புகையிலைக்கு, பிரிட்டிஷ் தேதியைப் போட்டுக் கொடுத்தோம். ஆனால் கடன் தீரும் தேதி 'புளி உலுக்கினதும்'. அந்தக் கட்டம் எதையும் ஏற்காமல் இரண்டு சாய்கோடுகளோடு வெறிச்சென்று கிடந்தது. வைவாவில் அதைக் காட்டி, டேட்டா முழுமையாக இல்லையே என்றார்கள்.

இதே ஜவ்வாது மலையில்தான், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988-ல் அங்கிருந்து கண்டறிந்த சிறுகோள் ஒன்றுக்குக் கணிதமேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். வானியல் ஏட்டில் அதன் எண் 4130. வானத்தில் எத்தனை ராமானுஜன் வந்தாலும் குழப்பம் இல்லை. மலையின் ஒரு பக்கம் கற்களுக்கெல்லாம் எண் கிடைத்துவிட்டது, இன்னொரு பக்கம் மனிதர்கள் பலாமரத்தை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களுக்கும் பன்னிரண்டு இலக்கத்தில் ஆதார் வந்தது, 2017-ல் ரேஷன் கார்டு ஏ.டி.எம். அட்டை போல் சுருங்கியது. முதியோர் பணம் இப்போது வங்கிக் கணக்கில் விழுகிறது. நாங்கள் ரிப்போர்ட்டில் பாடிய வாழ்த்துப்பாட்டில் பாதிக்கு மேல் பலித்துவிட்டதென்றே சொல்ல வேண்டும். மாமா மட்டும் எண்ணைக் கேட்பதில்லை. ஆளைப் பார்த்ததும் அப்பனையும் மரத்தையும் சொல்லிவிடுகிறார்.

எட்கர் காட் வகுத்த 'மூன்றாவது நார்மல் பார்ம்' விதியை நான் வகுப்பில் விளக்குவது புதூர்நாட்டை வைத்துத்தான். திருப்பத்தூர்ப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் சேலம் ஜில்லா. பிறகு வட ஆற்காடு. 1989-ல் அதைப் பிரித்து ஒரு பாதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர், தொண்ணூறுகளின் பிற்பாதியில் அது வேலூர், 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் தனி மாவட்டம். என் நண்பன் வீட்டில் தாத்தாவிலிருந்து பேத்தி வரைக்கும் ஒரே திண்ணைதான். காகிதத்தில் ஐந்து மாவட்டம். ஒவ்வொரு ஆளின் வரிசையிலும் மாவட்டத்தின் பெயரை எழுதி வைத்தால், அரசாணை வரும்போதெல்லாம் லட்சக்கணக்கான வரிசைகளை அடித்துத் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் ஒரே ஊர் இரண்டு மாவட்டத்தில் நிற்கும். ஆளுக்கு ஊரின் எண், ஊருக்குத் தாலுகாவின் எண், தாலுகாவுக்கு மாவட்டத்தின் எண் என்று வைத்துவிட்டால், கோட்டையில் கையெழுத்து விழுந்த அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிசைகளை மாற்றினால் போதும். ஒரு செய்தி, ஒரே இடத்தில். பாடப்புத்தகத்தில் வரும் சப்ளையர், நகரம் உதாரணத்தைவிடப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. இதைக் கேட்டுவிட்டு ஒரு மாணவி, "அப்ப சாதிச் சான்றிதழுக்குத் தாத்தாவோட பழைய காகிதத்தைக் கொண்டுபோனா என்ன சார் செய்வாங்க?" என்றாள். பழையதைத் திருத்தாமல், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை எந்தப் பெயர் என்று இன்னொரு அட்டவணை போடவேண்டும் என்றேன். நல்ல கேள்வி, முப்பது வருஷத்துக்கு முன் எனக்குத் தோன்றியிருக்காது, அப்போது நான் பலாமரத்தை வெட்டுவதில் முனைப்பாக இருந்தேன்.

இப்போது பிள்ளைகள் நூலகத்துக்கு டயகிராம் வேண்டும் என்று ஏ.ஐ.யிடம் கேட்டால், தேநீர் ஆறுவதற்குள் சாய்சதுரமெல்லாம் வந்துவிடுகிறது. ஒரு பிழை இல்லை. நூலகத்துக்கு ஒருவரும் போனதும் இல்லை. மலையேறுகிற பஸ்ஸும், கடை வாசலில் மாலை வரை உட்கார்ந்து மாமா கொடுத்த பலாச்சுளையைத் தின்றதும், நாலு சின்னப்பையன்களும் நேரில் வந்து தங்கள் வரலாற்றைச் சொன்னதும் பாடத்திட்டத்தில் எந்த யூனிட்டில் வந்தன என்று என்னாலும் சொல்ல முடியாது. மதிப்பெண்ணும் கிடையாது.

ஆனால் போகாததன் விளைவு திரையில் தெரிகிறது. இன்று எந்தப் படிவத்தைத் திறந்தாலும் 'பர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம். நமக்கோ இனிஷியலும் பெயரும். ஒரு விமான டிக்கெட்டில் நான் என் அப்பாவாகப் பறந்திருக்கிறேன். இன்னொரு படிவத்தில் ஒற்றை எழுத்தைக் குடும்பப் பெயராக ஏற்க மாட்டேன் என்று கம்ப்யூட்டர் சொல்ல, அப்பா பெயரை முழுதாக எழுதினேன், பிறகு அந்த அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களெல்லாம் காலமான அவருக்கே வந்துகொண்டிருந்தன. சின்னப்பையனின் மகன் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறான். புள்ளி என்ற குடும்பப் பெயரோடு நம் நாட்டில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்களோ.

டேட்டாபேஸ் படிக்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் மலையேறாவிட்டாலும் போகிறது. அந்த 'லாஸ்ட் நேம்' கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தப் பத்தி காலியாக இருக்கலாம் என்று அனுமதிக்க ஒரு வரி போதும்.