தேடச் சொல்லுங்கள், கிடைக்கும்!
(கணினி கேள்வி-பதில்)

கல்லூரி மாணவர், கமுந்திங்: ஆயிரக்கணக்கான வரி நிரலில் ஒரு சொல்லைக் கண்ணால் தேடித் தேடித் தலை வலிக்கிறது. வழி உண்டா?

கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் தம்பி. விஎஸ் கோட் எடிட்டரில் கர்சரை அந்தச் சொல்லின் மேல் வைத்தாலே போதும், கோப்பில் அது இருக்கும் இடமெல்லாம் நிறம் ஏறும். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் சொல்லை இருமுறை சொடுக்குங்கள். விம் என்றால் சொல்லின் மேல் நின்று நட்சத்திரக் குறியைத் (*) தட்டுங்கள். அடுத்த இடத்துக்குத் தாவும். பிறகு ‘என்’ விசை தட்டத் தட்ட அடுத்தடுத்த இடம். ஷிஃப்டோடு தட்டினால் முந்தைய இடம். தேடும் சொல்லைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். எழுத்துப் பிழைக்கும் இடமில்லை.

மாணவி, தைப்பிங்: ‘ஐடி’ என்று ஆங்கிலத்தில் தேடினால் சம்பந்தமே இல்லாத இடமெல்லாம் மின்னுகிறதே?

‘வேலிட்’, ‘ஹிடன்’, ‘விட்த்’ ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களுக்குள்ளும் அந்த இரண்டெழுத்து இருக்கிறது, தங்கச்சி. எடிட்டர் கேட்டதைத்தான் தருகிறது. முழுச்சொல் மட்டும் வேண்டும் என்று சொல்லுங்கள்: விஎஸ் கோடின் தேடல் பெட்டியில் ஆல்ட் + டபிள்யூ. விம்மின் நட்சத்திரக் குறி எப்போதும் முழுச்சொல்லைத்தான் தேடும்.

விம் பயனர், ஈப்போ: தேடி முடித்தும் மஞ்சள் நிறம் போக மறுக்கிறது.

முக்காற்புள்ளி, பிறகு என், ஓ, ஹெச் என்று மூன்று எழுத்து, என்டர். நிறம் போய்விடும். தேடிய சொல்லை விம் மறக்காது. மறுபடி ‘என்’ தட்டினால் நிறமும் திரும்பும்.

சங்கச் செயலாளர், கமுந்திங்: உறுப்பினர் முகவரிக் கோப்பில் ‘கமுந்திங்’ என்று தேடினால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். மீதிப் பேர் எங்கே?

‘கமுண்டிங்’கில் இருக்கிறார்கள் ஐயா! ஒரே ஊரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறோம். விஎஸ் கோடின் தேடல் பெட்டியில் ஆல்ட் + ஆர் தட்டி, கமு(ந்தி|ண்டி)ங் என்று தேடுங்கள். நடுவில் உள்ள கோடு ‘இதுவோ அதுவோ’ என்று பொருள்படும். முழுச்சொல் வசதியை மட்டும் இங்கே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘கமுந்திங்கில்’, ‘கமுந்திங்கிலிருந்து’ எல்லாம் விடுபடும். முகவரியில் அஞ்சல் குறியீடு இருந்தால் 34600 என்று தேடிச் சரிபாருங்கள். எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் சண்டை கிடையாது.

ஆசிரியை, கோலகங்சார்: திரையில் ‘கௌரி’ கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் ‘இல்லை’ என்கிறது!

உங்கள் கண் பார்ப்பது வடிவத்தை. கணினி பார்ப்பது குறியீட்டை. பலர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து ‘கெளரி’ என்று அடித்துவிடுகிறார்கள். இரண்டையும் தனித்தனியே தேடுங்கள். ஆனால் கொம்பு-ளகரம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஔகாரமாக மாற்றிவிடாதீர்கள்; ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘கொ’, ‘கோ’ எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு: உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். கோப்பு முழுவதையும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இந்த இரண்டாவது சிக்கல் தீரும்.

நிரலர், பாரிட் புந்தார்: பைதானில் ‘சொல் எழுத்து’ குறியை வைத்துத் தேடினால் தமிழ்ச் சொற்கள் துண்டாகின்றனவே?

உண்மைதான். பைதானோடு வரும் தேடல் நூலகம் உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று இரண்டாகிவிடும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களையும் வரம்பாகக் கொடுத்துத் தேடுங்கள். சொல் முழுதாக வரும்.

வாசகர், சுங்கை சிப்புட்: ஒரு கோப்பு இல்லை, கோப்புறை முழுக்கத் தேட வேண்டும்.

விஎஸ் கோடில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப். கட்டளை வரியில் ‘கிரெப்’. கென் தாம்சன் 1970-களில் யூனிக்ஸுக்காக எழுதியது. இன்றும் சளைக்காத கருவி.

மாணவர், சிம்பாங்: விம்மா, விஎஸ் கோடா? எது உசத்தி?

எதன் தேடல் விசைகள் உங்கள் விரலில் ஊறியிருக்கின்றனவோ, அது. 1991-இல் விம்மை வெளியிட்ட பிராம் மூலனார் 2023-இல் மறைந்தார். விம்முக்குக் காசு கேட்காமல், உகாண்டாவின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டவர் அவர். அதற்காகவாவது ஒருமுறை விம்மைத் திறந்து பாருங்கள்.

ஆலய நிர்வாகி, கமுந்திங்: பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றப் போகிறோம். ஓர் அறிவுரை?

முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் நம் மலேசிய நாட்டுக்காரர். கணினித் தமிழுக்கு முன்னே நடந்த நாடு இது. ஆகவே தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே, யூனிகோடிலேயே ஏற்றுங்கள். ஊர்ப் பெயர்களுக்கு ஓர் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து, அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர் கையில் கொடுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளை தாத்தாவின் பெயரைத் தேடும்போது அது கிடைக்க வேண்டும்.