இடுப்பில்லாத டிரைவரின் விண்ணப்பம்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் துறை ஐயா அவர்களுக்கு,

காமயகவுண்டன்பட்டியில் விடியுமுன் ஆட்களை ஏற்றி, கம்பம்மெட்டு மலையேறி, வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, பொழுதுசாய அவர்களோடு திரும்பும் ஜீப் டிரைவர் எழுதிக்கொள்வது. (எத்தனை ஆட்கள் என்று கேட்காதீர்கள். அதற்கு வேறு ஆபீசர் இருக்கிறார்.)

லைசென்சைப் புதுப்பிக்க நீங்கள் கேட்கும் மருத்துவச் சான்றை, அதாவது படிவம் 1ஏ-வை, எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, அங்கக்குறை உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். இடுப்பு வலிக்கிறதா என்று ஒரு வரி இல்லை. ஆக, சர்க்கார் கணக்கில் டிரைவருக்கு இடுப்பே கிடையாது. அப்படியானால் மலையிறங்கி வந்ததும் நிமிர முடியாமல் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, அந்த வலி யாருடையது? உரியவர் வந்து வாங்கிக்கொண்டால் புண்ணியமாகப் போகும்.

உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 தடவை வரும் அதிர்வுக்குத்தான் அதிகமாகக் குலுங்குமாம். குழி ரோட்டில் ஓடும் வண்டி கொடுப்பதும் ஏறக்குறைய அந்த அதிர்வையே. குலுங்கி வந்த சூட்டோடு மூட்டை தூக்கினால் டிஸ்க்குக்கு இன்னும் கேடு. நாங்கள் தூக்குகிறோம். 'டிரைவர் சும்மா உட்கார்ந்துதானே வந்தார்' என்பது ஊர் நியாயம்.

ஜெர்மனிக்காரர்கள், வருடக்கணக்காக வண்டியில் உட்கார்ந்து குலுங்கி இடுப்பு டிஸ்க் கெடுவதை 1993-லேயே தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம்மிடமும் சட்டத்துக்கா பஞ்சம்? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. 5 தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. என் நிறுவனத்தில் நானும் ஜீப்பும். ஜீப்பையும் ஓர் ஆளாகச் சேர்த்தாலும் மூன்று குறைந்தது.

இதைப் படித்த கையோடு படிவத்தில் இடுப்புக் கேள்வியைச் சேர்த்துவிடாதீர்கள் ஐயா. உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் போகும் என்றால் எந்த டிரைவரும் வாய் திறக்க மாட்டான். தொழிலாளர் துறை உங்களுக்குப் பக்கத்து வீடுதானே, ஒரு வார்த்தை சொல்லுங்கள். தனியாள் டிரைவருக்கும் இந்த இடுப்பு வலியைத் தொழில்நோய் என்று ஒப்புக்கொண்டு, வைத்தியச் செலவுக்கும் படுத்துக்கிடக்கும் நாட்களின் கூலிக்கும் வழி செய்யட்டும். அதற்குப் பிறகு கேளுங்கள், சொல்கிறோம்.

இப்படிக்கு,
ஏலத்தோட்ட ஜீப் டிரைவர்,
காமயகவுண்டன்பட்டி